சிவப்பும் சாம்பலும் பூசிய ஒரு மாதிரி வேகன்: அடையாளமும் விலையும்

ஆய்வுக்கு வந்த பொருள், கையகலமே உள்ள ஒரு மாதிரி ரயில் சரக்கு வேகன். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரை ஒட்டி வாழ்ந்து மறைந்த ஒருவருடைய ரயில் மாதிரிகளை வாரிசுகள் பங்கிட்டபோது, மற்றவை எல்லாம் நிறுவனப் பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டிகளில் ஒழுங்காக இருக்க, இது மட்டும் வேறொரு வேகனுக்குரிய பெட்டியில், செய்தவர் பெயரோ பட்டியல் எண்ணோ இல்லாமல் கிடைத்திருக்கிறது. மேலே சிவப்பும் கீழே சாம்பலும் பூசிய மூடிய வேகன் அது. பக்கச் சுவரில் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் முத்திரையும், பேஸ்மேக்கர் சரக்குச் சேவை என்ற பெயரும், அவற்றினிடையே 1940-களைச் சேர்ந்த ஒரு மாதமும் ஆண்டும் பொடி எழுத்தில் இருந்தன. அந்த ஆண்டைப் பார்த்த உரிமையாளர்கள், இது போர் முடிந்த காலத்துத் தயாரிப்பு என்று முடிவு செய்திருந்தார்கள். அதே வண்ணத்தில் உள்ள வேறொரு வேகனுக்கு இணையத்தில் ஒருவர் 200 டாலர் கேட்டிருப்பதைக் கண்டு, இதற்கும் அதுவே விலை என்று எழுதியும் வைத்திருந்தார்கள்.

இந்த இரண்டு முடிவுகளில் எது நிற்கும், எது நிற்காது என்பதே ஆய்வின் கேள்வி. விலையைப் பற்றிய பேச்சை முற்றிலும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பொருள் எது என்பதை முதலில் தீர்ப்பதென்று வைத்துக்கொண்டேன். விலையை மனத்தில் வைத்துக்கொண்டு அடையாளம் தேடுகிறவர், அந்த விலைக்கு ஒத்துவரும் அடையாளத்தையே கண்டுபிடிப்பார் என்பது இத்துறையில் பலமுறை பார்த்த உண்மை.

அளவு என்ன சொல்கிறது

மாதிரி ரயில்களில் தண்டவாளத்தின் அகலத்தை அளந்தவுடன் அளவுவிகிதம் தெரிந்துவிட்டதாகப் பலர் கருதுகிறார்கள். இந்த வேகனின் சக்கரங்கள் 16.5 மில்லிமீட்டர் அகலப் பாதைக்குரியவை. ஆனால் அந்த அகலத்தில் இரண்டு மரபுகள் ஓடுகின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பியக் கண்டத்திலும் வழங்கும் ஹெச்.ஓ. என்பது 87-இல் 1 பங்கு. ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்பது அதன் கணக்கு. பிரிட்டனில் வேரூன்றிய ஓ.ஓ. என்பது அதே பாதையின் மேல் 76-இல் 1 பங்கு அளவில், ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டராகக் கட்டப்படுவது. ஆகவே பாதையின் அகலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேலே செல்வது சரியாகாது. வேகனின் உடலையே அளக்க வேண்டும்.

உடலின் நீளம் 143 மில்லிமீட்டர். ஹெச்.ஓ. கணக்கில் இது ஏறத்தாழ 41 அடி. அமெரிக்க ரயில்வேக்களில் 40 அடி வேகன் என்பது உள்நீளத்தைக் குறிக்கும் வழக்கு என்பதால், வெளிநீளம் ஓரடி கூடியிருப்பது பொருத்தமே. ஓ.ஓ. கணக்கில் பார்த்தால் அது 36 அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். 36 அடி மூடிய வேகன்கள் அமெரிக்காவில் இருந்தன என்றாலும், அவை பெரும்பாலும் மரப்பலகைச் சுவர் கொண்ட முந்தைய தலைமுறையைச் சேர்ந்தவை; நம் வேகனோ, அலைபோல் மடிந்த எஃகு முகப்பும் ஆணிக்குமிழ் வரிசைகளும் கொண்ட முழு எஃகு வடிவம். கதவின் அகலம் 21 மில்லிமீட்டர், ஹெச்.ஓ.வில் அது சரியாக 6 அடி, அதாவது 40 அடி வேகன்களில் மிகப் பரவலாக இருந்த கதவு. ஓ.ஓ.வில் ஐந்தேகால் அடி என்ற பொருளற்ற எண் கிடைக்கிறது. சக்கரத்தின் விட்டம் 9.6 மில்லிமீட்டர், ஹெச்.ஓ.வில் 33 அங்குலம், அக்காலச் சரக்கு வேகன்களின் வழக்கமான சக்கரம். ஒன்றையொன்று சாராத மூன்று அளவுகளும் ஒரே விடையைத் தந்தபின், இது ஹெச்.ஓ. என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

சுவரில் உள்ள ஆண்டு யாருடையது

அடுத்தது, உரிமையாளர்களின் முடிவுக்கே அடிப்படையாக இருந்த அந்த மாதமும் ஆண்டும். அமெரிக்கச் சரக்கு வேகன் ஒவ்வொன்றின் சுவரிலும், வேகன் எந்த ரயில்வேக்குரியது என்ற எழுத்துக்குறி, அதன் எண், சுமக்கக்கூடிய எடை, வெற்று எடை, கட்டப்பட்ட அல்லது புதிதாகச் சேவைக்கு வந்த மாதம் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். மாதிரி செய்கிறவர் இவை அனைத்தையும் எழுத்துக்கு எழுத்து நகலெடுக்கிறார். எனவே அந்த ஆண்டு உண்மையான வேகனின் பிறப்பாண்டு. மாதிரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. நேற்று அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வேகனும் 1946 என்று சொல்லும்.

அதனால் சுவரெழுத்தைப் பயனற்றது என்று ஒதுக்கிவிடக் கூடாது. மாதிரி எந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது என்பதை அது உறுதியாகச் சொல்லும். பேஸ்மேக்கர் என்ற பெயர் நியூயார்க் சென்ட்ரலில் முதலில் 1939-இல் நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ஒரு பயணிகள் ரயிலுக்கு வைக்கப்பட்டது. சரக்குச் சேவைக்கு அந்தப் பெயரை நீட்டியது 1946-இல்: ஒரு வேகனை நிரப்பும் அளவுக்கு வராத சில்லறைச் சரக்குகளை லாரிகளிடம் இழந்துவந்த ரயில்வே, அவற்றை இரவோடிரவாகக் கொண்டுசேர்ப்பதாக விளம்பரம் செய்து, நியூயார்க்குக்கும் பஃபலோவுக்கும் இடையே ஓடும் அந்த ரயில்களுக்கென்றே இந்தச் சிவப்பு-சாம்பல் வண்ணத்தை வேகன்களுக்குப் பூசியது. பெரும்பாலும் பழுப்புச் சிவப்பு வேகன்களே நிறைந்திருந்த அமெரிக்கப் பாதைகளில் இது தூரத்திலிருந்தே கண்ணில் படும் விளம்பரப் பலகையாக இருந்தது. மாதிரி உற்பத்தியாளர்கள் பலரும் இந்த வண்ணத்தை விடாமல் செய்துவந்ததற்கும் அதுவே காரணம். இந்த வழக்கில் குழப்பம் கூடியதும் அதனால்தான். ஒரே வண்ணம், பல கைகள்.

வேகனில் எவை இல்லை என்பதும் கவனத்துக்குரியது. 1967 முதல் அமெரிக்கச் சரக்கு வேகன்களின் பக்கவாட்டில், பாதையோரக் கருவி படித்தறிய வேண்டி, பல நிறப் பட்டைகள் கொண்ட ஒரு தகடு ஒட்டப்பட்டது. அழுக்குப் படிந்து கருவிகள் தவறாகப் படித்ததால் 1977-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில், மசகிட்ட விவரங்களை ஒரே இடத்தில் எழுதும் கறுப்புக் கட்டம் வந்தது. 1978-இல், குறிப்பிட்ட ஒரு வகைச் சக்கரம் உண்டா இல்லையா என்று சோதித்ததைக் காட்டும் வண்ணப் புள்ளி கட்டாயமாயிற்று. இவற்றில் ஒன்றும் நம் வேகனில் இல்லை. மாறாக, கூரையின் நடுவே ஊழியர்கள் நடந்து செல்வதற்கான நடைபலகை இருக்கிறது. 1966 முதல் புதிய மூடிய வேகன்கள் நடைபலகை இல்லாமலே கட்டப்பட்டன. வண்டியின் அடியில் பிரேக் கருவிகள் தனித்தனி உருளைகளாக வடிக்கப்பட்டிருக்கின்றன; 1933-க்குப் பிறகு பரவிய ஏ.பி. வகை பிரேக்கின் அமைப்பு இது. ஆகவே, மாதிரி சித்திரிக்க விரும்பிய காலம் 1946-க்கும் 1960-களின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டது. வடிவமும் எழுத்தும் ஒன்றோடொன்று முரண்படவில்லை என்பது, செய்தவர் ஓரளவு அக்கறை உள்ளவர் என்பதற்கு அடையாளம். குழந்தைகளுக்கான மலிவு ரயில் தொகுப்புகளில் நடைபலகை கொண்ட பழைய உடலின் மேல் 1974-க்குப் பின் தோன்றிய ரயில்பாக்ஸ் என்ற வேகன் நிறுவனத்தின் மஞ்சள் வண்ணத்தைப் பூசி விற்பது போன்ற கோளாறுகள் சாதாரணம்.

மாதிரியின் வயது

உண்மையான வேகனின் காலம் சுவரில் இருக்கிறது என்றால், மாதிரியின் காலம் அதன் பொருளிலும் பொருத்துமுறையிலும் இருக்கிறது. இங்கேதான் ஆய்வின் பெரும்பகுதி செலவாயிற்று.

அதிக விலை பெறக்கூடிய சாத்தியங்களை முதலில் ஒவ்வொன்றாகச் சோதிப்பதே முறை. அவற்றில் ஏதேனும் ஒன்று உண்மையாக இருந்து, அதைக் கவனிக்காமல் விட்டால் உரிமையாளருக்கு நட்டம். முதல் சாத்தியம், ஜப்பானில் கையால் கட்டப்பட்டு அமெரிக்காவுக்கு இறக்குமதியான பித்தளை மாதிரி. பித்தளையாக இருந்தால் அடிவிளிம்பில் பூச்சு உரிந்த இடத்தில் மஞ்சள் உலோகமும், மூலைகளில் பற்றவைப்பின் தடமும் தெரியும். இங்கே உரிந்த இடத்தில் கரும்பழுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தது. இரண்டாவது சாத்தியம், சிறு கைத்தொழிலகங்கள் ரப்பர் அச்சில் ஊற்றி வார்க்கும் ரெசின் மாதிரி. இவை குறைந்த எண்ணிக்கையில் வருவதாலும், குறிப்பிட்ட ஒரு ரயில்வேயின் குறிப்பிட்ட ஒரு வரிசை வேகனை நுணுக்கமாகப் பின்பற்றுவதாலும் நல்ல விலை பெறும். உடலைக் கழற்றி உள்ளே பார்த்தபோது, சுவரின் உட்புறத்தில் சிறு வட்டத் தடங்கள் ஒழுங்கான இடைவெளியில் இருந்தன. உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்தி, இறுகியபின் ஊசிகளால் வெளியே தள்ளும்போது பதியும் தடங்கள் அவை. ரப்பர் அச்சில் ஊற்றிய பொருளில் இவை இருப்பதில்லை. எஃகு அச்சு என்றால் பெருந்தொகையில் செய்தது என்று பொருள்; அரிதான பொருள் என்ற எண்ணம் இந்த இடத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிட்டது.

மூன்றாவது சாத்தியம்தான் உரிமையாளர்கள் நம்பியது, போர் முடிந்த காலத்துத் தயாரிப்பு. 1940-களில் ஹெச்.ஓ. சரக்கு வேகன் என்றால் மரத்துண்டும் அச்சிட்ட அட்டையும், அல்லது உலோகத் தகடும் வார்ப்பு உலோகமும் கொண்ட தொகுப்பு. வாங்குகிறவர் தாமே கோத்துக்கொள்ள வேண்டும். வார்ப்புப் பிளாஸ்டிக் உடல் கொண்ட ஹெச்.ஓ. வேகன்கள் அமெரிக்கச் சந்தையில் நிலைபெற்றது 1950-களில். பொருளே போதிய சாட்சியாக இருந்து இந்தச் சாத்தியத்தையும் நீக்கிவிட்டது.

மிஞ்சுவது பெருந்தொகையில் பிளாஸ்டிக் வேகன் செய்த நிறுவனங்கள். அவற்றைப் பிரித்தறிய மிக நல்ல இடம் வண்டியின் அடிப்புறம். ஆனால் முந்தைய உரிமையாளர் அடிச்சட்டம் முழுவதும் துருவும் புழுதியும் படிந்தது போலக் கனமாக வண்ணப்பொடி ஏற்றி, அதன் மேல் மங்கல் பூச்சும் அடித்திருந்தார். மேடெழுத்தில் பெயர் ஏதேனும் இருந்திருந்தாலும் அது படிக்க முடியாதபடி மூடிப்போயிருந்தது. சுரண்டிப் பார்ப்பது எளிது. ஆனால் பிறர் பொருளை அடையாளத்துக்காகச் சேதப்படுத்துவது மதிப்பீட்டாளரின் வேலையன்று. வேறு தடயங்களைத் தேடினேன்.

முதலாவது, வேகன்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளர் பொருத்தப்பட்ட விதம். மலிவு ரயில் தொகுப்புகளில் கப்ளர், வேகனின் அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டமான போகியோடு இணைந்தே வரும். கூர்மையான வளைவுகளிலும் வண்டி திரும்புவதற்காக அப்படிச் செய்வார்கள். டைக்கோ முதலிய நிறுவனங்களின் தொகுப்பு வேகன்களைப் பெரும்பாலும் இந்த ஒன்றாலேயே விலக்கிவிடலாம். நம் வேகனில் கப்ளர், உடலின் அடிச்சட்டத்திலேயே உள்ள ஒரு சிறு அறையில் அமர்ந்திருக்கிறது. அந்த அறையை மூடியிருப்பது திருகு அன்று, பிளாஸ்டிக் மூடியும் அன்று. இருபக்கமும் மடிந்து கவ்விக்கொள்ளும் ஒரு மெல்லிய உலோகத் தகடு. இரண்டாவது, கதவு. உண்மையான வேகனில் கதவு மெல்லிய தண்டவாளத்தில் நகரும். இதிலோ கதவின் விளிம்பில் உள்ள தடித்த கொக்கிகள் உடலைப் பற்றிக்கொண்டு நகர்கின்றன. கதவு திறந்து மூடும் என்பது குழந்தைக்கு மகிழ்ச்சி, அளவு பிசகாத மாதிரியை விரும்புகிறவருக்கு எரிச்சல். மூன்றாவது, உடலும் அடிச்சட்டமும் தனித்தனியாக வந்து, இடையில் எடைக்காக ஓர் எஃகுத் தகடு படுத்திருக்கிறது. கூரையின் நடைபலகை தனித்துண்டு. ஏணிகளும் கைப்பிடிகளும் உடலோடு சேர்த்து வடித்தவை.

கவ்வும் உலோகத் தகடும் கொக்கிக் கதவும் சேர்ந்து வந்தால் அமெரிக்க மாதிரி ரயில்காரர்கள் எவரும் உடனே சொல்லும் பெயர் ஆதர்ன். இர்வின் ஆதர்ன் என்பவர் 1940-களில் கலிபோர்னியாவில் தொடங்கிய இந்நிறுவனம், உலோகத் தொகுப்புகளில் ஆரம்பித்து 1950-களில் பிளாஸ்டிக்குக்கு மாறியது. பிறகு நீல நிற அட்டைப்பெட்டியில், சில திருகுகளும் சில நிமிடங்களும் போதும் என்ற அளவுக்கு எளிய தொகுப்புகளைப் பத்தாண்டுகள் பலவாக விற்று, ஹெச்.ஓ. பொழுதுபோக்கைச் சாதாரணச் சம்பளக்காரர் வீட்டுக்குக் கொண்டுசேர்த்தது. ஆதர்ன் 1991-இல் காலமானார். 2004-இல் ஹொரைஸன் ஹாபி என்ற நிறுவனம் அவருடைய நிறுவனத்தை வாங்கியது. அடுத்து வந்த சில ஆண்டுகளில் நீலப்பெட்டித் தொகுப்புகள் நின்று, முழுதும் கோத்த வேகன்களே விற்பனைக்கு வரலாயின.

ஒரு தடயத்தை மட்டும் கொண்டு பெயர் சொல்வது அவசரம். அச்சுகள் கை மாறும்; ஒருவர் உடலின் மேல் இன்னொருவர் அடிச்சட்டத்தைப் பொருத்துவதும் உண்டு. எனவே உடலும் அடிச்சட்டமும் கோத்தபடியே ஒரே தொகுப்பில் வந்தவையா என்று பார்த்தேன். கவ்வும் விளிம்புகள் இடைவெளியின்றிப் பொருந்தின. செதுக்கியோ ஒட்டியோ சரிசெய்த தடம் எங்கும் இல்லை. சாய்வான வெளிச்சத்தில் சுவரெழுத்துகளைப் பார்த்தபோது, நீரில் நனைத்து ஒட்டும் படலத்தின் விளிம்பு தெரியவில்லை. எழுத்தின் மை ஆணிக்குமிழ்களின் மேலும் சீராக ஏறியிருந்தது. ஆகவே வண்ணமும் எழுத்தும் தொழிற்சாலையில் இடப்பட்டவை, வீட்டில் மறுபூச்சு செய்தவை அல்ல. வெளியே பின்னர் ஏற்றிய புழுதிநிறம் மட்டுமே உரிமையாளரின் கைவேலை.

மாற்றப்பட்ட உறுப்புகளும் இருந்தன. இப்போதுள்ள கப்ளர் உலோகத்தாலானது. உண்மையான வேகனின் கப்ளரைப் போல விரல் மடக்கிக் கோத்துக்கொள்வது. அதன் கீழே, தண்டவாளத்திடையே புதைத்த காந்தம் இழுத்துக் கழற்றுவதற்கான வளைந்த எஃகுக் கம்பி தொங்குகிறது. ஆரிகனைச் சேர்ந்த கீத், டேல் என்ற எட்வர்ட்ஸ் சகோதரர்கள் தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளை இணைத்து வைத்த கேடீ நிறுவனத்தின் வகை அது. நீலப்பெட்டித் தொகுப்புகள் நெடுங்காலம் கொம்புக் கொக்கி வகைப் பிளாஸ்டிக் கப்ளரோடுதான் வந்தன. அதை எடுத்தெறிந்துவிட்டு கேடீ பொருத்துவது, மாதிரி ரயிலை அலமாரியில் வைக்காமல் உண்மையாகவே ஓட்டுகிறவர்கள் முதலில் செய்யும் வேலை. சக்கரங்களும் பிளாஸ்டிக்கிலிருந்து உலோகத்துக்கு மாற்றப்பட்டிருந்தன.

உள்ளே எஃகுத் தகட்டின் மேல் சில ஈய வில்லைகள் ஒட்டியிருந்தன. அருகே பென்சிலால் 3.8 என்று எழுதியிருந்தது. முதல் பார்வையில் இது ஏதோ வரிசை எண் போலத் தோன்றும், உரிமையாளர்களும் அப்படியே எண்ணினார்கள். 1935-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ., வேகன்கள் தடம் புரளாமல் ஓடுவதற்கென ஓர் எடையைப் பரிந்துரைக்கிறது: ஹெச்.ஓ.வில் அடிப்படையாக 1 அவுன்ஸ், அதோடு வேகனின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நம் வேகனின் நீளம் 5.6 அங்குலத்துக்குச் சற்று அதிகம், கணக்கிட்டால் 3.8 அவுன்ஸ் வருகிறது. தராசில் வைத்தபோது முள் ஏறத்தாழ அங்கேயே, 108 கிராம் அளவில் நின்றது. ஆகவே அது எண்ணன்று, எடை. மறைந்தவர் இதைச் சேகரிப்புப் பொருளாக வைத்திருக்கவில்லை. நீண்ட ரயிலில் கோத்து ஓட்டியிருக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பின்னும் தயாரிப்புக் காலத்தை 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2000-களின் முற்பகுதி வரை என்ற அகன்ற எல்லைக்குள்தான் வைக்க முடியும். அச்சு மாறாமல் அத்தனை காலம் ஓடியிருக்கிறது. மூலப்பெட்டி இருந்திருந்தால், அதன் நிறமும் முகவரியும் பக்கவாட்டுச் சீட்டும் எல்லையைக் குறுக்கியிருக்கும். நல்ல வேளையாக, இந்த வகைப் பொருளுக்கு ஆண்டு பெரிய விலை வேறுபாட்டைத் தருவதில்லை.

அதே வண்ணம், வேறு விலை

உரிமையாளர்கள் கண்ட 200 டாலர் எங்கிருந்து வந்தது என்பதையும் விளக்க வேண்டியிருந்தது, ஏனெனில் அந்த எண் முழுக்க ஆதாரமற்றதன்று. அந்த விற்பனைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அது மூன்று தண்டவாளப் பாதைக்குரிய, லயனல் என்ற பொம்மை ரயில் நிறுவனத்தின் வேகன் என்பது தெரிந்தது. ஓ கேஜ் எனப்படும் அது, நம்முடையதைவிட ஏறத்தாழ இரு மடங்கு பெரியது. லயனலின் 6464 வரிசை மூடிய வேகன்கள் 1953-இல் தொடங்கின. பேஸ்மேக்கர் 6464-125 என்ற எண்ணோடு 1954-இல் வந்தது. அந்த வரிசைக்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். எழுத்தின் நிறம், ஆணிக்குமிழ் வரிசையின் இடைவெளி, கதவின் வடிவம் ஆகிய சிறு வேறுபாடுகளுக்கும் அங்கே விலை மாறும்.

அந்த வரிசையில் பேஸ்மேக்கருக்கு இன்னொரு பிறவியும் உண்டு. 1957-இல் லயனல், சிறுமிகளை வாடிக்கையாளர்களாக்கும் எண்ணத்தில், இளஞ்சிவப்பு எஞ்சினும் இளநீலம், மஞ்சள், ஊதா முதலிய மெல்லிய வண்ண வேகன்களும் கொண்ட ஒரு தொகுப்பை விற்பனைக்கு விட்டது. ரயில் கேட்ட சிறுமிகள் உண்மையான ரயில் போன்ற கறுப்பு எஞ்சினையே கேட்டார்கள் என்று சொல்வதுண்டு. எப்படியோ, தொகுப்பு விற்கவில்லை. விற்காததால் எண்ணிக்கை குறைந்தது. எண்ணிக்கை குறைந்ததால் இன்று தேடப்படுகிறது. தேடப்படுவதால் சாதாரண வேகனுக்கு மெல்லிய வண்ணம் பூசி விற்கும் போலிகளும் வந்துவிட்டன. அதில் உள்ள இளநீல பேஸ்மேக்கரின் எண் 6464-510. சிவப்பு-சாம்பல் ஹெச்.ஓ. வேகனை வைத்திருக்கிற ஒருவர் இந்த எண்களையெல்லாம் ஒரே தேடலில் கண்டால் மயங்குவது இயல்பே. ஆனால் இங்கே பொதுவாக இருப்பது ரயில்வேயின் பெயர் மட்டும். சந்தை வேறு, வாங்குகிறவர் வேறு, அளவே வேறு.

விலை

விலையை நிர்ணயிக்கும்போது, விற்கிறவர் கேட்கும் தொகையைப் புறந்தள்ளி, உண்மையில் கைமாறிய தொகையையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஏலத்தளங்களில் முடிந்த விற்பனைகளைத் தனியே வடிகட்டிப் பார்க்க வசதி உண்டு. மாதிரி ரயில் கண்காட்சிகளில் மேசைக்கு அடியில் வைத்த பெட்டிகளில் என்ன விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது என்பது அதைவிட நேர்மையான சான்று. கோத்துமுடித்த நீலப்பெட்டி வேகன்கள் அங்கே பெரும்பாலும் 5 முதல் 10 டாலருக்குள் போகின்றன. கோக்காமல் பெட்டியோடு இருக்கும் தொகுப்புக்குச் சற்றுக் கூடுதல் கிடைக்கும். லட்சக்கணக்கில் வெளிவந்த பொருள் என்பதோடு, இவற்றை வாங்கி ஓட்டிய தலைமுறையின் சேகரிப்புகள் இப்போது வாரிசுகள் வழியாகச் சந்தையில் குவிகின்றன என்பதும் விலை தாழ்ந்திருப்பதற்குக் காரணம். உரிமையாளரிடம் சொல்வதற்கு இனிமையான செய்தி இல்லை. ஆனாலும் தெளிவாகச் சொல்லியாக வேண்டிய செய்தி.

இந்த வேகனுக்கு விலையைக் கூட்டுபவை கேடீ கப்ளரும் உலோகச் சக்கரங்களும். இவற்றைத் தனியே புதிதாக வாங்கினால் வேகனின் விலைக்கு அருகில் வந்துவிடும். அதனால், வேகனைப் பொருட்படுத்தாமல் உறுப்புகளுக்காகவே வாங்குகிறவரும் உண்டு. விலையைக் குறைப்பவை பொருந்தாத பெட்டியும் அடிச்சட்டத்தில் அளவுமீறி ஏற்றிய பொடியும். வயதேற்றுவது ஒரு கலைதான். பெயர்பெற்ற கைவினைஞர் செய்தால் அதற்கே விலை உண்டு. இங்கே பக்கச் சுவர்களில் கை அடக்கமாகவே ஓடியிருக்கிறது, மழைநீர் ஒழுகிய கோடுகளும் நம்பும்படியாக இருக்கின்றன. அடிப்புறத்தில்தான் கட்டுப்பாடு தவறியிருக்கிறது. வாங்குகிறவர் பார்ப்பது பெரும்பாலும் சுவரைத்தான் என்பதால் இதற்காகப் பெரிய கழிவு செய்யவில்லை.

காப்பீட்டுக்கு எழுதும் தொகையையும் விற்பனை விலையையும் கலக்க வேண்டாம் என்று உரிமையாளர்களிடம் வலியுறுத்தினேன். தொலைந்தால் இதற்கு இணையான புதிய வேகனை வாங்க 30 டாலருக்கு மேல் ஆகும்; அதனால் கையில் இருப்பது 30 டாலர் பெறும் என்று ஆகிவிடாது. தனியாக விற்க முனைந்தால் அஞ்சல் செலவும் ஏலத்தளத்தின் கழிவும் கிடைப்பதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அதே வண்ணத்தில் வெவ்வேறு எண்கள் கொண்ட வேகன்கள் தொகுதியில் இன்னும் இருந்தால், நான்கைந்தை ஒரே ரயிலாகச் சேர்த்து விற்பதே மேல், ஏனெனில் பேஸ்மேக்கரை ஓட்ட விரும்புகிறவருக்கு வேண்டியது ஒற்றை வேகன் அன்று, வரிசை.

பட்டியலில் இறுதியாக எழுதிக்கொடுத்த பதிவு இது: "ஹெச்.ஓ. அளவு, 40 அடி எஃகு மூடிய வேகன், நியூயார்க் சென்ட்ரல் பேஸ்மேக்கர் வண்ணம், தொழிற்சாலைப் பூச்சு. வார்ப்புப் பிளாஸ்டிக், அமைப்பால் ஆதர்ன் தொகுப்பு, பெயர் முத்திரை காணக்கூடியதாக இல்லை. சுவரில் உள்ள ஆண்டு உண்மையான வேகனுடையது. கேடீ கப்ளர், உலோகச் சக்கரங்கள், கூடுதல் எடை ஆகியவை பின்னர் சேர்த்தவை. கையால் வயதேற்றப்பட்டது. மூலப்பெட்டி இல்லை. நியாயமான விற்பனை விலை 8 முதல் 12 டாலர்."